இரண்டு பனி

வாங்க வருகிறவர்கள் மேலே பார்ப்பார்கள்.
நான் கீழே படுப்பேன்.
அதற்குத்தான் மூவாயிரம் ரூபாய்,
பகல் சாப்பாடு தனி.

ஒருகொடவத்தை யார்டில்
பத்து மணிக்கே தகரம் கொதித்தது.
விஜேபால முதலாளி நிறுத்தியிருந்தார்
நாலு சக்கரமும் இழுக்கிற டபள் கெப் ஐந்து.
முதலாவது வெள்ளை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி,
டயருக்குக்கூட எண்ணெய் பூசி.
கடைப் பொடியன் நீளக் கைபிடி பிரஷ் ஒன்றால்
டாஷ்போர்ட்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தான்.

மஸ்கெலியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தாள் புஷ்பகாந்தி.
முற்பணம் பிஸ்கட் டின்னில்,
மீதிக்கு லீசிங் கடிதம்.
மேல் டிவிஷன்களுக்கு கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறவள்.
பழைய லொறி போன ஐப்பசியில்
வளைவில் பின்னுக்கு வழுக்கித்
தேயிலைக்குள் போய் உட்கார்ந்ததாம்.
சொல்லும்போது சிரித்தாள்.
டின்னை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஜப்பானில் வடக்குப் பக்கத்து வாகனம்” என்றார் முதலாளி.
“ஆளுயரப் பனியில் ஓடினது.”

“எங்க பக்கமும் பனிதான்.
முன்னுக்குப் போற ஆளோட முதுகு தெரியாது.”

சிங்களத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல்.
முதலாளி தமிழில் மாட்டிக்கொண்டு தலையாட்டினார்.
நான் சாக்கை விரித்தேன்.

கீழே வேறொரு ஊர்.
கறுப்புப் பெயின்ட், போன வாரத்தது,
வாசம் இன்னும் போகவில்லை.
எங்கள் உப்பு காலிமுகத்திலிருந்து காற்றில் வரும்,
கூரையைக் கடிக்கும், கண்ணாடி விளிம்பைக் கடிக்கும்.
அவர்கள் உப்பு பனி கரைய றோட்டில் கொட்டுவது,
அடிவயிற்றைத் தின்னும்.
ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன்,
தேங்காய் வாங்குகிறவன்போல.
ணங். ணங். ணங்.
பின் ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில்
பொத்.
நுனியைத் திருப்பி வைத்தேன், அழுத்தவில்லை,
பாணுக்குள் போவதுபோல் போயிற்று.

வெளியே வந்தபோது
முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை,
சட்டையில் கொட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார்.
“பிளேன்டீ சொல்லட்டா?” என்றார்.

ஐந்தாவது வேலியோரம் நின்றது.
கழுவிக் கழுவி வெளுத்த சாம்பல் நிறம்,
கதவில் ஒரு பள்ளம், சீட்டில் எலி வேலை.
துரு இருந்தது, தோல் துரு.
சுரண்டினால் இரும்பு பதில் சொன்னது.
கியர் ஓயிலைத் தொட்டு மணந்தேன்,
கருகல் இல்லை.
கால்வாய்க் கரைச் சேற்றில் வேண்டுமென்றே புதைத்தேன்.
குட்டி லிவர் முதலில் முரண்டு பிடித்தது,
பிறகு உறுமி,
நாலு காலாலும் எழுந்து வந்தது.

நான் பெருமையாகத் திரும்பினேன்.
“ஏறுறது இருக்கட்டும் நானா,
எறங்குறப்ப நிக்குமா?”

இருபது வருடத்தில்
எந்த ஆம்பிளையும் இதைக் கேட்டதில்லை.

தார் றோட்டில் அந்த லிவரைப் போடக்கூடாது.
வாகனத்திடம் ஒரு மன்னிப்புக் கேட்டுப்
போட்டேன்.
மேம்பால உச்சியிலிருந்து முதல் கியரில்,
பிரேக்கைத் தொடாமல்,
எருமை குளத்துக்கு இறங்குவதுபோல் இறங்கினோம்.
பின்னால் வந்த முச்சக்கரவண்டிகள்
எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தன.
அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
பிரேக்குக்குப் போகிறதா என்று.
போகவில்லை.

ஒன்றரை லட்சம் குறைந்தது.
புது பெட்டரி போட்டுத் தருவதாக முதலாளி சொன்னார்,
போடவில்லை.
பஞ்சிகாவத்தையில் நாங்களே வாங்கினோம்.

சாவி கைக்கு வந்தபிறகு
பொடியனிடமிருந்து அந்தப் பிரஷ்ஷை வாங்கிப் பார்த்தாள்.
ஒரு பக்கம் மயிர், மறுபக்கம் சுரண்டி.
“இது எதுக்கு?”
“கண்ணாடிப் பனி தள்ள.”
“எங்க பனியத் தள்ள ஏலாதே.”

சொல்லிவிட்டு
சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.
பொடியன் தடுப்பதற்குள் இறங்கிவிட்டது கெப்.
நான் சட்டையை உதறினேன்.
போன் அடித்தது, வத்தளையில் யாரோ,
வெள்ளை நிறம்தான் வேண்டுமாம்.